பையன், வாலிபர், இளைஞர்: வயதைச் சொல்லாத வயதுப் பெயர்கள்

தமிழ் நாளிதழ் ஒன்றின் ஒரு வாரத்து இதழ்களை அடுக்கி வைத்துக்கொண்டு, பதினேழு, பதினெட்டு வயதுக்காரர்களைப் பற்றிய செய்திகளை மட்டும் படித்துப் பாருங்கள். பிளஸ் டூ தேர்வில் மாவட்டத்தில் முதலிடம் பிடித்த 17 வயதுப் பெண் ‘மாணவி’. அவர் சாதனை படைத்தார், கலெக்டரிடம் வாழ்த்துப் பெற்றார். அதே வயதில் காதலித்தவனோடு ஊரைவிட்டுப் போன பெண் ‘சிறுமி’. அவள் மீட்கப்பட்டாள், காப்பகத்தில் சேர்க்கப்பட்டாள். பைக் திருடி மாட்டிய 17 வயதுக்காரன் ‘சிறுவன்’, பிடிபட்டான். கூடவே சிக்கிய 19 வயதுக்காரர் ‘வாலிபர்’, கைது செய்யப்பட்டார். ஒரே பைக், ஒரே பூட்டு, ஒரே ராத்திரி. மூத்த திருடருக்கு மரியாதை விகுதி கிடைத்தது, இளைய திருடனுக்குக் கிடைக்கவில்லை.

எழுதுகிறவர் யோசித்து ஓரவஞ்சனை செய்வதில்லை. தமிழில் ஒரு வாக்கியத்தை முடிக்க வேண்டுமென்றால் ஆன், ஆள், ஆர் என்று ஒன்றைப் போட்டுத்தான் ஆக வேண்டும், நழுவ வழியில்லை. செய்தி மேசைகளில் புழங்கும் எழுதாத விதி, பதினெட்டுக்குக் கீழே ‘ஆன்’, மேலே ‘ஆர்’ என்பது. ஆனால் மதிப்பெண் வாங்கினால் பதினாறிலேயே ‘ஆர்’ வந்துவிடுகிறது. பிரக்ஞானந்தா 2018இல் பன்னிரண்டு வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது, ‘சிறுவன்’ என்று தொடங்கி ‘வென்றார்’ என்று முடியும் வாக்கியங்களைப் பார்க்க முடிந்தது. எழுவாய் வயதைப் பார்த்தது, பயனிலை பட்டத்தைப் பார்த்தது. இலக்கண வாத்தியார் சிவப்பு மையில் சுழிப்பார். எனக்கு அதில் பிழை தெரியவில்லை.

இளையவர்களைக் குறிக்க நம்மிடம் இருக்கும் சொற்கள் வயதை அளப்பதுபோல் தோன்றும். உண்மையில் அவை பார்ப்பது, அந்த ஆள் யாருக்கு அடங்கியவர், எவ்வளவு மரியாதை போதும், கல்யாணம் ஆயிற்றா, வீட்டுக்கு அடங்கிய ஜாதகமா என்பதையெல்லாம். வயது அதில் ஒரு சின்னப் பங்கு.

முப்பதுக்கு மேல் கிழவன்

இலக்கணக்காரர்கள் இதை வரிசைப்படுத்தப் பார்த்தார்கள். பெண்களின் ஏழு பருவம் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மனப்பாடம் செய்தது: பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். உலா இலக்கியம் முழுக்க இந்த ஏழு பேரும்தான் தெருவில் நின்று தலைவனைப் பார்த்து மயங்குகிறார்கள். ஐந்து வயதில் தொடங்கும் கணக்கு நாற்பதில் முடிந்துவிடும். அதற்கு மேல் பெண்ணுக்குப் பெயரே இல்லை.

ஆணுக்கும் ஒரு பட்டியல் உண்டு என்பது அவ்வளவாகத் தெரியாது. பன்னிரு பாட்டியல் என்ற பழைய இலக்கண நூல் பாலன், மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை, முதுமகன் என்கிறது. பதினாறு வயதுக்காரன் காளை. அதைத் தாண்டி முப்பது வரை விடலை. முப்பதைத் தாண்டினால் நேரே முதுமகன். முப்பத்தொன்றில் ஆண் கிழவன், முப்பத்திரண்டில் பெண் பேரிளம்பெண். அவளுக்காவது பெயரில் ஓர் ‘இளம்’ மிச்சமிருக்கிறது.

இந்தச் சொற்கள் அப்புறம் என்ன ஆயின என்பதுதான் சுவாரசியம். சங்கப் பாட்டில் விடலை என்றால் பாலை நிலத்துத் தலைவன். வேலேந்தி, காதலியைக் கூட்டிக்கொண்டு சுரம் கடப்பவன். இன்று ‘விடலைப் பசங்க’ என்றால் பஸ் ஸ்டாப்பில் நின்று கிண்டல் செய்கிறவர்கள். அப்போது உடன்போக்குப் போனவனும் விடலை, இப்போது அதையே செய்து போக்சோவில் உள்ளே போகிறவனும் விடலை. சொல்லின் மதிப்புதான் தரைமட்டமாகிவிட்டது. காளையின் கதி இன்னும் மோசம். ‘கட்டிளங்காளை’ என்று இன்று யாரையாவது சொன்னால் நாற்பது தாண்டியும் கல்யாணமாகாத ஒருவரைக் கேலி செய்கிறார்கள் என்று அர்த்தம்.

தொல்காப்பியத்தின் மரபியல் வேறொரு காரியம் செய்கிறது. இளமைப் பெயர்கள் என்று பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி எல்லாவற்றையும் பட்டியலிட்டுவிட்டு, இவற்றில் குழவியும் மகவும் மட்டுமே மக்களுக்கு உரியவை என்று கதவைச் சாத்துகிறது. ‘பிள்ளை’ அந்தக் கணக்கில் மனிதக் குழந்தை கிடையாது. கீரிப்பிள்ளை, கிளிப்பிள்ளை, தென்னம்பிள்ளை எல்லாம் அந்தப் பழைய வழக்கின் மிச்சம். பின்னால் அந்தச் சொல் வீட்டுக்குள் வந்து, வாரிசாகி, சாதிப் பட்டமாகி, கடைசியில் சென்னையில் ‘புள்ளிங்கோ’ ஆனது வரைக்கும் போயிற்று. அதைப் பிறகு பார்ப்போம்.

ஓட்டுப் போடும் குழந்தை

அரசாங்கமும் சட்டமும் இந்தக் குழப்பத்தை எண் போட்டுத் தீர்க்கப் பார்த்தன. எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

இருபது வயது ஆண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 61ஆவது அரசியல் சட்டத் திருத்தம் ஓட்டுரிமை வயதை 21லிருந்து 18ஆகக் குறைத்ததால், 1989 முதல் அவர் வாக்காளர். கொலை செய்தால் முழு ஆள். சொத்து விற்கலாம், வாங்கலாம். ஆனால் 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி 21 நிறையாத ஆண் ‘குழந்தை’. தாலி கட்டினால் அது குழந்தைத் திருமணம். பெண்ணுக்கு அந்தக் கோடு 18. காலையில் வரிசையில் நின்று அரசாங்கத்தைத் தேர்ந்தெடுத்த ஆள், மாலையில் மணமேடையில் உட்கார்ந்தால் குழந்தை.

குற்றம் என்று வரும்போது கோடு இன்னும் ஆடியிருக்கிறது. 1986ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தில் பையனுக்கு 16, பெண்ணுக்கு 18. 2000ஆம் ஆண்டுச் சட்டம் இருவருக்கும் 18 என்றது. 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பஸ்ஸில் நடந்த கொடுமையில் குற்றவாளிகளில் ஒருவன் பதினெட்டுக்குச் சில மாதங்கள் குறைவானவன் என்பதால் மூன்றாண்டுதான் காப்பு இல்லத்தில் இருந்தான். நாடெங்கும் எழுந்த கோபத்தில் 2015ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. கொடுங்குற்றம் என்றால் 16 முதல் 18 வயதுக்காரர்களையும் பெரியவர்களாக விசாரிக்கலாம் என்றது. ‘இவன் பையனா, ஆளா’ என்று தெருவில் கேட்கும் கேள்வியை இப்போது சிறார் நீதிக் குழுமமே உட்கார்ந்து, மனமுதிர்ச்சியை எடைபோட்டு, முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

இந்தச் சட்டங்கள் ஒவ்வொன்றும் தமிழில் ஒரு புதுச் சொல்லை விட்டுச் சென்றன. ‘இளம் குற்றவாளி’ போய் ‘இளஞ்சிறார்’ வந்தது. அதுவும் போதாதென்று ‘சட்டத்துடன் முரண்பட்ட சிறார்’ வந்தது. ‘சீர்திருத்தப் பள்ளி’ போய் ‘கூர்நோக்கு இல்லம்’ வந்தது. போலீஸ் பிரஸ் நோட்டில் கூர்நோக்கு இல்லம் என்று இருந்தாலும் நிறைய நிருபர்கள் இன்னும் சீர்திருத்தப் பள்ளி என்றே எழுதுகிறார்கள். வாசகருக்கு அதுதான் புரியும் என்பார்கள். சுகாதாரத் துறையும் தொழிலாளர் துறையும் ‘வளரிளம் பருவத்தினர்’ என்கின்றன. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி 14 முதல் 18 வரை அந்தப் பருவம். எந்த வீட்டிலாவது ஒரு தாய் ‘எங்க வளரிளம் பருவத்தினர் சாப்பிடவே மாட்டேங்குது’ என்று சொல்லியிருப்பாரா தெரியாது.

ஒரு வேடிக்கை: இந்தியத் தமிழில் பதினேழு வயதுக்காரரும் சட்டத்துக்குக் ‘குழந்தை’. குழந்தைகள் நலக் குழு, குழந்தைத் தொழிலாளர், நவம்பர் 14 குழந்தைகள் தினம். இலங்கைத் தமிழில் அதே ஆள் ‘சிறுவர்’. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை, சிறுவர் துஷ்பிரயோகம், அக்டோபர் 1 சிறுவர் தினம். மீசை அரும்பிய ஒருவரைக் குழந்தை என்று கூப்பிட நேரும் கூச்சம் இலங்கை எழுத்தாளருக்கு இல்லை. இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் வழக்குதான் மேல் என்பது என் கருத்து.

மேல் எல்லையில் இன்னும் தாராளம். ஐ.நா. புள்ளிவிவரத்துக்கு இளைஞர் என்றால் 15 முதல் 24. இந்தியாவின் 2003ஆம் ஆண்டு தேசிய இளைஞர் கொள்கை 13 முதல் 35 என்றது. 2014ஆம் ஆண்டுக் கொள்கை அதை 15 முதல் 29 ஆகச் சுருக்கியது. பதினோரே ஆண்டு இடைவெளியில், முப்பதைத் தொட்ட கோடிக்கணக்கானவர்கள் ஒரு கையெழுத்தில் இளைஞர் இல்லாமல் போனார்கள். மலேசியாவில் இந்தக் கத்தி நேரடியாகத் தமிழர் அமைப்புகள் மேலேயே விழுந்தது. தோட்டப்புறங்களிலிருந்து வளர்ந்த தமிழ் இளைஞர் மணிமன்றங்களில் நாற்பது வரை இளைஞராக இருக்க முடிந்தது. 2019இல் அந்நாட்டுச் சட்டம் இளைஞர் வயதை 40லிருந்து 30ஆகக் குறைத்தது. மன்றத்தைக் கட்டிக் காத்த முப்பத்தைந்து வயதுத் தலைவருக்கு நாற்காலி போவது ஒரு பக்கம்; பெயரும் போகிறது.

பெண்ணுக்குத் தேதி உண்டு, ஆணுக்குக் கல் உண்டு

வீட்டுப் பேச்சில் ஒரு பெண் குழந்தை எப்போது வளர்ந்தாள் என்பதில் யாருக்கும் சந்தேகமே கிடையாது. நாள், நேரம், நட்சத்திரம் வரை குறித்து வைத்திருப்பார்கள். வயசுக்கு வந்தாள், சமைந்தாள், ஆளானாள், பெரியவளானாள், யாழ்ப்பாணத்தில் சாமர்த்தியப்பட்டாள். மஞ்சள் நீராட்டு விழாவுக்கு ஃப்ளெக்ஸ் வைத்து, தாய்மாமன்கள் சீர்த்தட்டோடு ஊர்வலம் வருகிறார்கள். மறுநாளிலிருந்து அவள் ‘வயசுப் பொண்ணு’. ‘வீட்ல ஒரு குமரு இருக்கு’ என்று அப்பா சொன்னால், கேட்கிறவருக்கு அதில் வரதட்சணைக் கவலை, இரவுக் காவல், வாங்க வேண்டிய கடன் எல்லாம் கேட்கும். ஏழாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைதான். ஆனாலும் அவள் பெயர் மாறிவிட்டது, தெருவில் விளையாடும் நேரம் மாறிவிட்டது, துணி உலர்த்தும் இடம்கூட மாறிவிட்டது.

ஆணுக்கு அப்படியொரு நாள் இல்லை. பூணூல் போடும் சில சாதிகளை விட்டுவிட்டால், மற்ற பையன்கள் எப்போது ஆளானார்கள் என்பதை யாரும் அறிவிப்பதில்லை. குரல் உடையும், மீசை அரும்பும். தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன் என்று அப்பா கை ஓங்குவதை நிறுத்துவார். அவ்வளவுதான். இந்தக் குறையைத் தென் மாவட்டங்கள் ஒரு கல்லால் நிரப்பின. ஊர் மந்தையில் வழுவழுவென்று உருண்டையாகக் கிடக்கும் இளவட்டக்கல்லைக் குந்தி அணைத்து, முழங்காலுக்கு ஏற்றி, நெஞ்சில் அணைத்து, தோளுக்குத் தள்ளி, பின்பக்கமாகப் போட்டவன் இளவட்டம். போடாதவன் எத்தனை வயதானாலும் பொடியன். கல்லைத் தூக்கியவனுக்குத்தான் பெண் என்று பேச்சு உண்டு. எத்தனை கல்யாணம் கல்லைப் பார்த்து நிச்சயமாயிற்றோ, நிலத்தைப் பார்த்து நிச்சயமாயிற்றோ, அது வேறு விஷயம். நெல்லை மாவட்டம் வடலிவிளையில் பொங்கல்தோறும் இன்னும் போட்டி நடக்கிறது. பெண்களும் தூக்குகிறார்கள். அவர்களை இளவட்டம் என்று யாரும் சொல்வதில்லை.

சொல்வதில்லை என்பது தற்செயல் இல்லை. இளைஞர் என்பதற்குப் பெண்பால் தமிழ்நாட்டில் ஊன்றவே இல்லை. ‘இளைஞி’ என்று சிலர் எழுதிப் பார்த்தார்கள், நாக்கில் ஒட்டவில்லை. ‘இளம்பெண்’ இருக்கிறது, ஆனால் அது பெரும்பாலும் மாயமான, ஏமாற்றப்பட்ட, தற்கொலைக்கு முயன்ற பெண்ணின் செய்தித் தலைப்பில்தான் வருகிறது. இலங்கையில் அரசுச் சுற்றறிக்கை முதல் வேலைவாய்ப்பு விளம்பரம் வரை ‘இளைஞர் யுவதிகள்’ என்று ஜோடியாகத்தான் எழுதுகிறார்கள். வடசொல் என்று நாம் மூக்கைச் சுளிக்கலாம். அங்கே பெண் கண்ணுக்குத் தெரிகிறாள்.

தமிழ்நாட்டுக் கட்சிகளின் அமைப்பைப் பாருங்கள். இளைஞர் அணி ஒன்று, மகளிர் அணி ஒன்று, மாணவர் அணி ஒன்று. இருபத்திரண்டு வயதில் கட்சிக்கு வரும் பெண்ணை எல்லோரும் கை காட்டுவது மகளிர் அணிப் பக்கம். இளமையாக இருக்கும் வாய்ப்பு அவளுக்குக் கட்சிச் சட்டத்தில் இருந்தாலும் பெயர்ப்பலகையில் இல்லை. அ.தி.மு.க. ‘இளைஞர் மற்றும் இளம்பெண்கள் பாசறை’ என்று வைத்தபோது அந்த ‘மற்றும்’ எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டது.

கல்யாணம் தள்ளிப்போனால் என்ன பெயர் என்பதிலும் இதே கதைதான். பெண் என்றால் ‘முதிர்கன்னி’. அந்தச் சொல்லில் இரக்கமும் உண்டு, இளக்காரமும் உண்டு. ஆண் என்றால் முன்பு ‘கட்டைப் பிரம்மச்சாரி’, இப்போது ‘முரட்டு சிங்கிள்’. பின்னதை அவர்களே டீ ஷர்ட்டில் அச்சடித்துப் போட்டுக்கொள்கிறார்கள். முப்பத்தெட்டு வயது ஆளாக இருந்தாலும் பெண் பார்க்கும் படலத்தில் அவன் ‘பையன்’தான். பையன் என்ன பண்றான், பையன் வீட்ல எவ்வளவு எதிர்பார்க்கிறாங்க. தலை வழுக்கை, கடன் இரண்டு, சர்க்கரை ஆரம்பம். ஆனாலும் தாலி கட்டும்வரை பையன்.

நரைத்த பையன்

பையனும் பயலும் ஒரே வேரில் கிளைத்தவை. ஒன்று வீட்டுக்குள் போயிற்று, இன்னொன்று வசையோடு போயிற்று. ஆனால் இரண்டுக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு: எதிரில் இருப்பவரைப் பெரியவர் ஆகவிடாமல் நிறுத்திவைக்க அவை போதும்.

ஹோட்டலில் டேபிள் துடைக்கிறவர் பையன். கல்லாவில் இருப்பவர் “பையா, அஞ்சாம் நம்பர் டேபிளைப் பாரு” என்பார். பார்த்தால் ஓடிவருகிறவருக்குக் காதோரம் முழுக்க நரைத்திருக்கும், ஊரில் பேரன் இருப்பான். ஆபீஸ் பாய் ஓய்வு பெறும் நாள்வரை பாய். லாரியில் கிளீனர் பையன், பட்டறையில் எடுபிடிப் பையன். வேலை சின்னதென்றால் ஆளும் சின்ன ஆள். தஞ்சைப் பண்ணைகளில் இது பச்சையாகவே இருந்தது. மிராசுதாரின் பத்து வயது மகன் ‘சின்ன ஐயா’. அவனைச் சின்ன ஐயா என்று கூப்பிட்ட அறுபது வயதுப் பண்ணையாளை அந்தப் பத்து வயதுக்காரன் பெயர் சொல்லி, டா போட்டுக் கூப்பிடலாம். ஊர் அதைத் தப்பென்று சொல்லாது. முதுமை என்பது சிலருக்குக் கிடைத்தது, சிலருக்கு மறுக்கப்பட்டது. கூலி உயர்வுக்கான போராட்டங்கள் நடந்த கிராமங்களில் டா போட்டுக் கூப்பிடாதே என்ற கோரிக்கையும் கூடவே எழுந்ததை இந்தக் கோணத்தில்தான் பார்க்க வேண்டும்.

தம்பியும் வாலிபரும்

‘வாலிபர்’ என்பதற்கு ஒரு காலத்தில் பெரிய கௌரவம் இருந்தது. ஒய்.எம்.சி.ஏ.வின் தமிழ்ப் பெயர் கிறிஸ்தவ வாலிபர் சங்கம். தேவாலயங்களில் ஞாயிறு மாலை வாலிபர் கூட்டம் இன்றும் நடக்கிறது. அதே சொல்லை மார்க்சிஸ்ட் கட்சியின் இந்திய ஜனநாயக வாலிபர் சங்கமும் வைத்திருக்கிறது. பைபிளும் செங்கொடியும் ஒரே சொல்லில் கைகுலுக்கும் இடம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். இந்த இரண்டு இடத்தையும் விட்டால் மற்றபடி வாலிபர் இன்று குற்றச் செய்திக்கென்றே ஆகிவிட்டார். வாலிபர் வெட்டிக் கொலை, வாலிபருக்கு வலை. ரத்ததானம் செய்தால் அவரே இளைஞர்.

திராவிட இயக்கம் வேறு வழியில் போயிற்று. அண்ணாதுரை 1950களில் ‘திராவிட நாடு’ இதழில் தொண்டர்களுக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் தம்பிக்கு எழுதப்பட்டவை. கட்சி ஒரு கூட்டுக்குடும்பம், தலைவர் அண்ணன், தொண்டன் தம்பி. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. தம்பிக்குப் பாசம் கிடைக்கும், உரிமை கிடைக்கும், ஒரு நாள் அண்ணன் இடத்துக்கு வரலாம் என்ற நம்பிக்கையும் கிடைக்கும். அதுவரை காத்திருக்க வேண்டும். ‘வாலிபர்’ அவராகவே நிற்கிற ஆள். ‘தம்பி’ என்றால் பக்கத்தில் ஓர் அண்ணன் இருந்தாக வேண்டும். இன்று நாம் தமிழர் கட்சித் தொண்டர்களை ஆதரவாளர்களும் எதிரிகளும் ‘தம்பிகள்’ என்றே சொல்கிறார்கள். ஒரு தரப்பு பாசமாக, மறு தரப்பு நக்கலாக.

1967இல் விருதுநகரில் காமராஜரை 1,285 வாக்கில் தோற்கடித்த பெ. சீனிவாசனை எல்லோரும் ‘மாணவர் தலைவர்’ என்றார்கள். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம் ‘மாணவர்’ என்ற சொல்லுக்கு அப்படியொரு ஏற்றம் கொடுத்திருந்தது. அந்த அலையில் ஆட்சிக்கு வந்த தி.மு.க., 1980இல் மதுரையில் இளைஞர் அணியைத் தொடங்கியது. 1980களிலிருந்து அதன் செயலாளராக இருந்த மு.க. ஸ்டாலின் 2017இல் அந்தப் பொறுப்பை விட்டபோது அவருக்கு வயது 63. கேலிச்சித்திரக்காரர்களுக்கு நல்ல தீனி. ஆனால் கட்சிக்குள் யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. அப்பா தலைவராக இருக்கும்வரை மகன் இளைஞர். இது கட்சிக் கணக்கு மட்டுமில்லை, பத்திரம் அப்பா பெயரிலேயே இருக்கும் எத்தனையோ வீடுகளின் கணக்கும்.

பெடியள்

யாழ்ப்பாணத்தில் பையன் ‘பெடியன்’, பெண் ‘பெட்டை’. தமிழ்நாட்டிலிருந்து போகிறவருக்குப் பெட்டை என்று காதில் விழுந்தால் தூக்கிவாரிப்போடும். நமக்கு அது கோழிக்கும் கழுதைக்கும் உரிய சொல், இல்லாவிட்டால் வசவு. அங்கே ‘அந்தப் பெட்டை கெட்டிக்காரி’ என்பது சாதாரணப் பாராட்டு.

பெடியனின் பன்மை ‘பெடியள்’. 1971இல் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்து தமிழ் மாணவர்களின் கதவு குறுகியபோது, கோபத்தில் தெருவுக்கு வந்தவர்கள் நிஜமாகவே பெடியள். பள்ளியை முடித்தும் முடிக்காமலும் இருந்தவர்கள். சில ஆண்டுகளில் அவர்களில் பலர் ஆயுதம் எடுத்தார்கள். ஊர் வேறு பெயர் தேடவில்லை. ‘ராத்திரி பெடியள் வந்தவங்கள்’ என்றால் இயக்கக்காரர்கள் வந்தார்கள் என்று பொருள். 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்த பிறகு அரசுக்கு அவர்கள் பயங்கரவாதிகள். திண்ணையில் உட்கார்ந்திருந்த கிழவிக்கு அவர்கள் சோறு கேட்டு வந்த பெடியள். காவலரண் தாண்டிப் பேச்சு கேட்கும் காலத்தில் அந்தச் சொல்லுக்குப் பாதுகாப்பும் இருந்தது. பெடியள் என்றால் யாராகவும் இருக்கலாம், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளாகவும்.

அதே சொல் இன்னொன்றையும் மூடியது. நாற்பது வயதுத் தளபதியும் பெடியன், பதினான்கு வயதில் சேர்க்கப்பட்டவனும் பெடியன். சிறுவர் படைச்சேர்ப்பு பற்றிய கேள்வி எழுந்தபோது, வீட்டுப் பேச்சில் அந்த இருவரையும் பிரித்துக்காட்டச் சொல் இருக்கவில்லை. பாசம் ததும்பும் சொல்தான்; அந்தப் பாசத்துக்கு அடியில்தான் வயது மறைந்துபோயிற்று. விடுதலைப் புலிகளின் தலைவரையே தொடக்க காலத்தில் ‘தம்பி’ என்றுதான் அழைத்தார்கள். பிறகு ‘தலைவர்’, அதன் பிறகு ‘தேசியத் தலைவர்’. தம்பி என்று சொல்லும் துணிவு யாருக்கும் மிஞ்சவில்லை.

ஒரே வாரத்தில் மூன்று பெயர்

சொல் எவ்வளவு சீக்கிரம் மாறும் என்பதற்கு 2017 ஜனவரியை எடுத்துக்கொள்ளலாம். அதுவரை ‘செல்போனை நோண்டிக்கிட்டுக் கெடக்கிற இந்தக் காலத்துப் பசங்க’. ஜனவரி 17இல் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடத் தொடங்கினார்கள். இரண்டே நாளில் அவர்கள் ‘இளைஞர்கள்’, ‘மாணவச் செல்வங்கள்’. குப்பை பொறுக்கினார்கள், போக்குவரத்தை ஒழுங்குபடுத்தினார்கள், பெண்கள் நள்ளிரவிலும் பயமின்றி இருந்தார்கள் என்று பக்கம் பக்கமாகப் பாராட்டு. 23ஆம் தேதி காலையில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. தடியடி, தீவைப்பு. அன்று முதல் ‘சமூக விரோதிகள் ஊடுருவிவிட்டார்கள்’. மணலில் உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் அதே ஆட்கள்தான்.

ஐஸ் ஹவுஸ், நடுக்குப்பம் பக்கத்து மீனவக் குடியிருப்புப் பையன்கள், ஓடிவந்தவர்களைக் காப்பாற்றி, அதற்காக அடிவாங்கியவர்கள், ‘மாணவர்’ பட்டியலிலும் சேரவில்லை, ‘இளைஞர்’ பட்டியலிலும் சேரவில்லை. அவர்களுக்கு அடுத்த ஓரிரு ஆண்டில் ஒரு தனிப் பெயர் வந்தது: புள்ளிங்கோ.

பிள்ளைங்க, புள்ளைங்க, புள்ளிங்கோ. வடசென்னைப் பேச்சில் ‘நம்ம பசங்க’ என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. ஒரு கானாப் பாட்டு வழியே அது யூடியூபில் பரவியது. பாடியவர்கள் தங்களைத் தாங்களே பெருமையாகச் சொல்லிக்கொண்டது, கேட்டவர்கள் வாயில் வசவாக மாறியது. பக்கவாட்டில் ஒட்டச் சிரைத்து, உச்சியில் கொத்தாக விட்டு, நுனிக்குச் செம்பட்டைச் சாயம் ஏற்றினால் அது ‘புள்ளிங்கோ கட்டிங்’. கால் தெரியும் ஒட்டுப் பேன்ட், சைலன்சர் மாற்றிய பைக். சில ஊர்களில் தலைமை ஆசிரியர்கள் சலூன்காரர்களுக்கே கடிதம் எழுதி, மாணவர்களுக்கு இந்த வெட்டு வெட்டாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். இதே தலைவெட்டை ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனி ஊழியர் ஏசி சலூனில் பல மடங்கு விலை கொடுத்து வெட்டிக்கொண்டால் அது ‘ஃபேட் கட்’. மீம் போடுகிறவருக்கு முடி பிரச்சினை இல்லை. எந்தத் தெரு முடி என்பதுதான் பிரச்சினை. இதைச் சொன்னால், சும்மா ஜாலிக்கு என்பார்கள்.

இந்த மீம்களைப் போடுகிறவர்கள் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் ‘90ஸ் கிட்ஸ்’. தமிழ் இணையம் கண்டுபிடித்த வயதுப் பெயர்களில் எனக்குப் பிடித்தது இதுதான். சக்திமான் பார்த்தவர்கள், ஆரஞ்சு மிட்டாய் தின்றவர்கள், டிரம்ப் கார்டு விளையாடியவர்கள், இப்போது பெண் கிடைக்காதவர்கள். முப்பது தாண்டி, சிலர் நாற்பதைத் தொட்டும்கூடக் கிட்ஸ். எதிர்ப்பக்கம் ‘2கே கிட்ஸ்’: மரியாதை தெரியாதவர்கள், ஆனால் பத்தாம் வகுப்பிலேயே காதலி இருப்பவர்கள் என்பது குற்றச்சாட்டு. அவர்கள் திருப்பி அடிக்க வைத்திருக்கும் கல் ‘பூமர்’. உலகப்போருக்குப் பின் பிறந்த அமெரிக்கத் தலைமுறைக்கு வைத்த பெயர் அது. இங்கே இருபத்தெட்டு வயதுக்காரர் ஒருவர் ‘எங்க காலத்துல’ என்று வாயெடுத்தாலே ‘பூமர் அங்கிள்’.

2000இல் பிறந்தவர்களுக்கு இப்போது இருபத்தைந்து தாண்டிவிட்டது. ஐ.நா. கணக்கில் அவர்கள் இளைஞரே இல்லை. பலருக்குக் கல்யாணமாகி, கைக்குழந்தையும் இருக்கிறது. பள்ளிக்கூட வேனில் போகும் பிள்ளைகள் வாயில் இப்போது ‘ஆல்ஃபா’ என்ற அடுத்த தலைமுறைப் பெயர் புழங்குகிறது. 2கே கிட்ஸ் வீட்டு வாசலில் வந்து பந்தை எடுத்துத் தரச் சொல்லும்போது அவர்கள் கூப்பிடுவது ‘அங்கிள்’ என்றுதான்.